குருகங்கை நீரும் கணினி மாளிகையும்

எம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டி விடுத்த மடலில், "விடயம் தங்கள் விருப்பம்" என்று குறித்திருந்தனர். தமிழாசிரியர் ஒருவரிடம் இவ்வாறு கூறுவோர் உள்ளூர எதிர்பார்ப்பது கம்பரையோ வள்ளுவரையோ பற்றிய கட்டுரையையே என்பதை யாம் அறிவோம். ஆயினும் இம்முறை அவ்வெதிர்பார்ப்பைப் பொய்ப்பிக்கத் துணிந்தோம். கம்பரைப் பற்றி எழுத எம்மினும் வல்லார் இச்சங்கத்திற் பலர் உளர். யாம் எழுத விரும்புவது மின்சாரத்தைப் பற்றி. தரவு நிலையங்கள் எனப்படும் கணினி மாளிகைகள் பெரும் பசியோடு வந்து வாயிலில் நிற்கும்போது நாடுகளின் மின்வலைகள் தம்மை எவ்வாறு மாற்றிக்கொள்கின்றன என்பதும், அம்மாற்றத்தில் எம்போன்ற மலையோர மக்களுக்கு உரிய இடம் யாது என்பதுமே எம் விடயம். பொறியியல் பயின்ற பழைய மாணவர் இதனை வாசித்துப் புன்முறுவல் செய்யக்கூடும், செய்க. மின்சாரக் கணக்கு அவருடையதாயினும், அம்மின்சாரம் பிறக்கும் ஆற்றின் கரையில் இருப்போர் யாம்.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரி செல்லும் நெடுஞ்சாலையில், இரத்தினபுரிக்குச் சற்று முன்னதாக உள்ளது குருவிட்ட. சிவனொளிபாத மலைச் சாரலிலிருந்து இறங்கி வரும் குருகங்கை இவ்வூரைத் தழுவிச் சென்று களுகங்கையிற் கலக்கின்றது. எரத்ன வழியாக மலையேறும் அடியார் இவ்வாற்றின் ஓசையைக் கேட்டுக்கொண்டே நெடுந்தூரம் நடப்பர். இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும். எம் மாணவர் பாடசாலைக்கு வாராமைக்குக் கூறும் காரணங்களிற் பாதி மழையைச் சார்ந்தனவாகவே இருக்கும்; அவற்றிற் பாதி உண்மையுமாகும்.

இவ்வாற்றில் எரத்னவில் 10 மெகாவாற்று அளவான சிறுநீர்மின் நிலையம் ஒன்று 2004-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அங்கே பெரிய நீர்த்தேக்கம் எதுவும் இல்லை. ஆற்றை ஓரிடத்தில் சிறிது மறித்து, நீரைப் பக்கவழியே கொண்டுசென்று, குழாய்வழி வீழ்த்திச் சுழலியைச் சுழற்றி, மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுகின்றனர். ஆற்றில் நீருள்ள காலத்தில் மின் உண்டு. தை, மாசியில் பாறைகள் முதுகு காட்டும்போது மின் குறையும். இந்தப் 10 மெகாவாற்றை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் வரும் பேரெண்களை அளக்க எம்மிடம் உள்ள மரக்கால் அதுவே.

மலைநாட்டு ஆறுகளில் மின்சாரம் ஆக்கலாம் என்பது பழைய எண்ணம். பொறியியலறிஞர் டி. ஜே. விமலசுரேந்திர 1912-ஆம் ஆண்டளவில் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்திற் சிறு நிலையம் ஒன்றை அமைத்தார். 1918-இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரையில், நாடெங்கும் நீர்மின் வழங்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். அவர் கனவுகண்ட லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950-இலேயே. இதற்கெல்லாம் முன்னரே தேயிலைத் தோட்டங்கள் தம் ஓடைகளிற் சிறு சுழலிகளை வைத்துத் தொழிற்சாலைகளை இயக்கிவந்தன. மலையகத்தில் இத்தகையன நூற்றுக்கணக்கில் இருந்தன. தோட்டத்து ஓடை தொழிற்சாலையின் உருளைகளைச் சுழற்றியது, தொழிற்சாலைக்கு விளக்கிட்டது, துரையின் பங்களாவுக்கும் விளக்கிட்டது. லயத்துக்கு இடவில்லை. பின்னர் உயரழுத்தக் கம்பிகள் மலைகளைத் தாண்டிச் சென்றபோதும் அவை லயங்களின் கூரைக்கு மேலாகவே சென்றன. கம்பி சென்று பல பத்தாண்டுகள் கழித்தே பல தோட்டங்களில் லயங்களுக்குள் மின்சாரம் புகுந்தது. எம் இளமையிற் குப்பிலாம்பின் ஒளியிற் படித்துக்கொண்டு, மலைமுடியில் தொழிற்சாலை மட்டும் இரவெல்லாம் ஒளிர்வதைப் பார்த்திருந்தோம். சுவரில் உள்ள ஆளியை அழுத்தி விளக்கேற்றும் இன்பத்தை எமக்குத் தந்தது எம் கல்லூரி விடுதியே. முதல் நாளில் அதனை அழுத்தி அழுத்திப் பார்த்து விடுதிப் பொறுப்பாசிரியரிடம் வசை வாங்கியோர் எம் வகுப்பிற் பலர். அவருட் சிலர் இம்மலரையும் வாசிப்பர்.

இனிக் கணினி மாளிகைக்கு வருவோம். "தரவு" என்னும் சொல் தமிழாசிரியருக்குப் புதியதன்று. ஒத்தாழிசைக் கலிப்பாவின் முதலுறுப்புக்கு அதுவே பெயர். எருத்து என்றுங் கூறுவர். கணினியாளர் அதனைக் கவர்ந்து தம் தொழிலுக்கு இட்டபோது எமக்குச் சற்று மனத்தாங்கல் உண்டாயிற்று. நாளடைவில் அது தீர்ந்தது. கலிப்பாவை யாப்போர் அருகிய காலத்தில் அச்சொல்லாவது உயிரோடிருக்கின்றதே. கைத்தொலைபேசியில் ஒரு படத்தை ஒருவர் அனுப்புகின்றார். வங்கியிற் பணம் மாற்றுகின்றார். செயற்கை நுண்ணறிவை ஒரு வினா வினவுகின்றார். இவை யாவும் எங்கோ ஓரிடத்திற் சேமித்துக் கணிக்கப்படல் வேண்டும். அவ்விடமே தரவு நிலையம். ஆயிரக்கணக்கான கணினிகள் இரும்புத் தட்டுகளில் அடுக்கப்பட்டு இரவும் பகலும் இயங்கும். அவை உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவருவதால், அவ்வெப்பத்தைத் தணிக்க மேலும் மின்சாரம் வேண்டும். பல இடங்களில் நீரும் வேண்டும். இளைஞர் இதனை "முகில்" என்று அழைப்பர். எம் ஊரார் அறிந்த முகில் மழை தருவது; இது மழையை உண்பது.

இம்மாளிகையின் உள்ளே பணிபுரிவோர் ஒருவரை யாம் அறிவோம். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் எம் உறவினர் பாதிப்பேர் கப்பலேறினர். எம் பெரிய தந்தையார் குடும்பம் நீலகிரி சென்றது. தாயகம் திரும்பியோருக்கென அங்கே தமிழ்நாட்டு அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டமே அவர்களுக்கு வாழ்வளித்தது. அவர்தம் மகனாகிய எம் தமையனார் இன்றும் அம்மலையிலேயே இருக்கின்றார். குந்தா நீர்மின் நிலையங்கள் அம்மலைகளிலேதான் உள்ளன. கனடா நாட்டின் உதவியோடு 1950களில் எழத் தொடங்கிய அவற்றுக்கு உதவி வந்த வழியின் பெயர் "கொழும்புத் திட்டம்". கொழும்பின் பெயரால் நீலகிரிக்கு விளக்கு; கொழும்பிலிருந்து துரத்தப்பட்டோர் அதன் அயலில்! விதியின் விளையாட்டு இவ்வாறும் அமைவதுண்டு.

தமையனாரின் மகள் சென்னையை அடுத்த சிறுசேரியில் தரவு நிலையம் ஒன்றில் மின்னையும் குளிரூட்டலையும் கண்காணிக்கும் பணியில் இருக்கின்றாள். மதராசுக் கடற்கரையிற் கடலடிக் கம்பிகள் கரையேறுவதால் இந்தியாவில் மும்பைக்கு அடுத்தபடியாக இத்தொழில் நாடும் நகரங்களுட் சென்னையும் ஒன்றாயிற்று; அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இம்மாளிகைகள் வரிசையாக எழுந்துள்ளன. அவள் இரவுப் பணியில் இருக்கும்போது அரிதாக எம்மோடு தொலைபேசியிற் பேசுவாள். ஒருமுறை கூறினாள்: "சித்தப்பா, இங்க கரண்டு போனத நான் பார்த்ததே இல்ல. வீட்டுல அப்பாவுக்கு மழைக்கு மரம் விழுந்தா ரெண்டு நாள் ஆகுது." குறைகூறும் குரலில் அவள் இதனைச் சொல்லவில்லை. இயல்பாகவே சொன்னாள். எம்மைச் சிந்திக்க வைத்தது அவ்வியல்பே. நீர் வீழும் மலையில் இருள். நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் அணையா விளக்கு. அவள் மாளிகையில் மின் ஒரு கணம் தளர்ந்தாலும் மின்கல அடுக்குகள் அக்கணமே பொறுப்பேற்கும். சில விநாடிகளில் டீசல் மின்பிறப்பாக்கிகள் எழும். இரவுப் பணியில் இருப்போரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். அத்துணைப் பெரிய கட்டடத்தில் அத்துணைச் சிலர் என்பதனை யாம் முதலில் நம்பவில்லை.

இப்பொழுது எம் மரக்காலை எடுப்போம். 2022-இல் சிறுசேரியில் அதானிகனெக்ஸ் நிறுவனம் திறந்த நிலையம் முழுமை பெறும்போது வேண்டுவது 33 மெகாவாற்று. எரத்ன போன்றவை மூன்று முழுவீச்சில் ஓடினாலும் அதற்குச் சற்றுப் போதா. களுகங்கையின் மற்றொரு கிளையான குக்குலே கங்கை நிலையம் 80 மெகாவாற்று. பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவாவி 120 மெகாவாற்று. இன்று பெருநிறுவனங்கள் எழுப்பும் ஒரு வளாகமே இவ்விரண்டையும் விழுங்கவல்லது. 2025 அக்டோபரில் கூகுள் நிறுவனம் ஆந்திரத்து விசாகப்பட்டினத்தில் அமைப்பதாக அறிவித்த வளாகத்தின் அளவு 1,000 மெகாவாற்று. எம் நாட்டின் மிகப்பெரிய அனல்மின் நிலையமாகிய நுரைச்சோலை முழுவதும் சேர்ந்தே 900. உலக நாடுகளின் தரவு நிலையங்கள் யாவும் 2024-இல் உண்ட மின்சாரம் 41,500 கோடி அலகு என்று சர்வதேச எரிசக்தி முகவரகம் கணக்கிட்டுள்ளது. அஃது இலங்கை முழுவதும் ஓராண்டில் ஆக்கும் மின்சாரத்தின் இருபது மடங்குக்கு மேலாகும். 2030-இல் அது 94,500 கோடியாகும் என்பது அவ்வமைப்பின் மதிப்பீடு.

பசி பெரிது என்பது மட்டுமன்று; அதன் தன்மையும் வேறு. எம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கும் பெருந்தேவை உண்டு. ஆனால் கொழுந்து மிகும் மாதத்தில் வாட்டும் விசிறிகள் இரவெல்லாம் சுழலும். வறட்சியிற் பாதி நாள் ஓயும். வீடுகளின் தேவை மாலையில் எழும், நள்ளிரவில் தாழும். கணினி மாளிகையின் தேவையோ நண்பகலிலும் நள்ளிரவிலும் ஏறத்தாழ ஒன்றே. மழையும் காற்றும் வெயிலும் தரும் மின்சாரமோ ஏறி இறங்குவது. ஏறி இறங்கும் வரவைக் கொண்டு, மாறாத செலவை நடத்துவது எவ்வாறு? மாதச் சம்பளக்காரருக்கும் நாட்கூலிக்காரருக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தோர்க்கு இவ்விடர் எளிதில் விளங்கும்.

மின்வலையின் இயல்பை எமக்கு விளக்கியவர் எம்மிடம் தமிழ் கற்றுப் பின் நீர்மின் நிலையம் ஒன்றில் வேலைக்கமர்ந்த இளைஞர். மாணவர் சிலரோடு அங்கே சென்றிருந்தோம். கருவிப் பலகையில் ஒரு முள் 50 என்னும் எண்ணின் மேல் நின்று மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. "சேர், இந்த முள்ளு அம்பதுலயே நிக்கணும். கொழும்புல எல்லாரும் ஒரேடியா விசிறியப் போட்டா இதுக்குத் தெரிஞ்சிரும்" என்றார் அவர். அதற்கு மீடிறன் என்று பெயர். நாட்டின் பெருநிலையங்களின் சுழலிகள் யாவும் ஒரே தாளத்திற் சுழல்கின்றன. தேவை மிகுந்தால் தாளம் தளரும். தேவை திடீரெனக் குறைந்தால் தாளம் முந்தும். எவ்வளவு மின் எடுக்கப்படுகின்றதோ அவ்வளவே அக்கணத்தில் ஆக்கப்படல் வேண்டும். சேமித்து வைக்கத் தனியே ஏற்பாடு செய்தாலன்றி மின்வலையில் நெற்குதிர் இல்லை.

திடீரெனக் குறைவதும் கேடே என்பது எமக்குப் புதுமையாயிருந்தது. அதற்கு அமெரிக்காவிற் சான்று உண்டு. வேர்ஜீனியா மாநிலத்தின் வடபகுதியில் உலகின் மிகப்பெரிய தரவு நிலையக் கூட்டம் உள்ளது. 2024 யூலை 10-ஆம் நாள் அங்கே ஒரு மின்கம்பியிற் பழுது நேர்ந்தது. ஏறத்தாழ 60 தரவு நிலையங்கள் தம் காப்புக்கருவிகளின் ஆணைப்படி ஒரே வேளையில் மின்வலையை விட்டு விலகித் தம் சொந்த மின்னுக்கு மாறின. 1,500 மெகாவாற்றுத் தேவை கணப்பொழுதில் மறைந்தது. இலங்கையின் மாலைநேர உச்சத்தேவை 2,500-க்கும் 3,000 மெகாவாற்றுக்கும் இடைப்பட்டது என்பதை நினைந்தால் அதன் பருமை புலனாகும். பந்தியில் அமர்ந்திருந்தோரிற் பாதிப்பேர் ஒரே நேரத்தில் எழுந்தோடியது போன்ற நிலை. அமெரிக்க வலை பெரிது, தாங்கிற்று. தீவின் சிறு வலை தாங்குமோ?

தாங்காது என்பதற்கு யாமே ஒருமுறை சாட்சியானோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதனால் நாடெங்கும் மின்னின்றிப் போயிற்று என்று அறிவிக்கப்பட்டது. இலங்கையை ஒரு வானரம் கலக்கியது இது முதன்முறையன்று என எம் நண்பர்கள் நகைத்தனர். குரங்கு ஒரு தூண்டுதலே. விடுமுறை நாளாதலின் தேவை குறைந்திருந்தது. வெயில் மிக்கிருந்ததால் சூரியமின் மிகுந்திருந்தது. தாளத்தை நிலைநிறுத்தும் கனத்த சுழலிகள் சிலவே சுழன்றுகொண்டிருந்தன. சிறு அதிர்ச்சி பேரிருளாயிற்று. அதே ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத்தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களை வேண்டிக்கொண்டது. பகலில் வேண்டாத அளவு. மாலையில் வேண்டிய அளவு இல்லை. இதுவே எம் வலையின் இன்றைய நோய்.

இந்நோயுள்ள உடலுக்குக் கணினி மாளிகை மருந்தா, மேலுமொரு நோயா? கொழும்பிற் கணினித் துறையில் இருக்கும் எம் பழைய வகுப்புத் தோழர் ஒருவர் மருந்தே என்று வாதிப்பார். நண்பகலில் வீணாகும் சூரியமின்னை அவை வாங்கும். வெளிநாட்டுச் செலாவணி வரும். இளைஞருக்குத் தொழில் வரும் என்பது அவர் கட்சி. முதற்கூற்றை யாம் ஒப்புகின்றோம். இரண்டாவதையும் மறுக்கவில்லை. மூன்றாவதைப் பற்றித் தமையனார் மகள் கூறியதை மேலே எழுதினோம். எம் நாட்டில் இதுவரை உள்ளவை சிறியனவே. எம் நெடுஞ்சாலையிலேயே கொழும்பை நெருங்கும்போது ஹோமாகமவையடுத்த பிட்டிபனையில் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தரவு நிலையம் உண்டு. அச்சிறுமை எமக்கு ஒரு வாய்ப்பு. பெரியவை வருமுன் பிறர் பட்ட பாட்டைப் பார்க்கலாம்.

அயர்லாந்து எம்மைப் போன்ற தீவு. அந்நாட்டின் மின்சாரத்தில் 2015-இல் நூற்றுக்கு 5 பங்கை உண்ட தரவு நிலையங்கள் 2023-இல் 21 பங்கை உண்டன. டப்ளின் நகரைச் சுற்றிப் புதிய இணைப்புக் கொடுக்க இயலாத நிலை வந்தது. 2021-இல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, வலை நெருக்கமான இடமா, விண்ணப்பதாரர் சொந்தமாக மின் ஆக்கவோ சேமிக்கவோ வல்லரா, வேண்டும்போது தேவையைக் குறைப்பாரா என்றெல்லாம் பார்த்த பின்னரே இணைப்பு எனக் கட்டளையிட்டது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2025-இற் சட்டமே இயற்றியது. புதிதாக இணையும் 75 மெகாவாற்றுக்கு மேற்பட்ட பெரும்பாவனையாளர், வலைக்கு ஆபத்து நேரும்போது விலகிக்கொள்ளத்தக்க ஏற்பாட்டோடு வரல் வேண்டும். ஒஹாயோவில் அதே ஆண்டில் மற்றொரு விதி வந்தது. பெருந்தேவை உண்டு என்று கூறிக் கம்பி இழுக்கச் செய்யும் புதிய தரவு நிலையம், தான் கேட்ட அளவில் நூற்றுக்கு 85 பங்குக்கேனும் பன்னிரண்டு ஆண்டுகள் கட்டணம் செலுத்தல் வேண்டும். பயன்படுத்தினாலும் சரி, படுத்தாவிட்டாலும் சரி. பந்தலிடச் சொல்லிவிட்டு மணமகன் வாராதொழிந்தால் பந்தற்செலவை அயலார் தலையிற் கட்டலாகாது என்பதே அதன் கருத்து.

டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் 2025-இல் வெளியிட்ட கணக்கொன்று எம்மை மிகவுங் கவர்ந்தது. புதிய பெரும்பாவனையாளர் தம் ஆண்டுத் தேவையில் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கை மட்டும் நெருக்கடி வேளைகளில் விட்டுக்கொடுப்பின், அமெரிக்க வலைகள் இப்போதுள்ள ஆற்றலைக் கொண்டே 76,000 மெகாவாற்றுப் புதிய தேவையைத் தாங்கும் என்கின்றனர். உச்சநேரம் என்பது ஆண்டிற் சில மணித்தியாலங்களே. அந்நேரத்துக்காகவே புதிய நிலையங்கள் கட்டப்படுகின்றன. அச்சில மணித்தியாலங்கள் ஒதுங்கி நிற்க ஒருவர் இசைந்தால் எத்துணைச் செலவு மீதமாகும்!

தமிழ்நாடு இதில் எங்கே நிற்கின்றது? அதன் உச்சத்தேவை 2024 மே 2-ஆம் நாள் 20,830 மெகாவாற்றை எட்டியது. எமது தேவையின் ஏழு மடங்கு அளவு. காற்றாலைகள் மட்டும் 11,000 மெகாவாற்றுக்கு மேல் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலிலும் வைகாசி முதல் புரட்டாசி வரை அவை ஓயாது சுழலும். ஆனால் வெயிலின் உச்சம் சித்திரையில். காற்று வருவது அதன் பின்னர். ஆகவே குதிர் வேண்டும். ஆனைமலையிற் கடம்பாறையில் 400 மெகாவாற்று நீரேற்று நிலையம் 1980களிலேயே அமைந்தது. மின் மிகும்போது கீழ்க்குளத்து நீரை மேற்குளத்துக்கு ஏற்றி, மின் குறையும்போது வீழ்த்துவது அதன் முறை. செலவிட்ட மின்னில் முக்காற்பங்குக்குச் சற்று மேலாகவே திரும்பக் கிடைக்கும். வட்டி கொடுத்து வாங்கும் நேரம் என்று கொள்க. குந்தாவிலும் 500 மெகாவாற்று அளவில் இன்னொன்றை எழுப்பும் பணி பல்லாண்டாக நீண்டுவந்தது. தமையனார் வீட்டு மலையே மீண்டும் சென்னையின் குதிராகின்றது.

தமிழ்நாட்டு அரசு 2021-இல் வெளியிட்ட தரவு நிலையக் கொள்கை, மின்வரிச் சலுகையையும் இருவழி மின்னிணைப்பையும் வழங்கி அவற்றை அழைத்தது. இந்திய மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு வரைவுக் கொள்கையோ அவற்றை அத்தியாவசியப் பணியாகவே கொள்ள முன்மொழிந்தது. 2022-இல் உட்கட்டமைப்பு என்னும் தகுதியும் அவற்றுக்குக் கிடைத்தது. அழைப்பு நன்று. ஆயினும் அயர்லாந்தும் டெக்சாசும் காலந்தாழ்த்திக் கேட்ட கேள்வியை, அதாவது நெருக்கடியில் யார் முதலில் ஒதுங்குவது என்பதை, அழைக்கும்போதே கேட்பது இன்னும் நன்று. "அத்தியாவசியம்" என்னும் சொல்லை ஒருவருக்கு வழங்கும்போது மற்றவர் யாவர் என்பதும் தானே எழுதப்பட்டுவிடுகின்றது. சொல்லோடு பழகும் தொழிலார்க்கு இது கண்ணிற் படாமற் போகாது.

எம் மாகாணத்திலும் குதிர் ஒன்று திட்டமிடப்பட்டுள்ளது. கேகாலை மாவட்டத்து அரநாயக்கப் பகுதியில் 600 மெகாவாற்று அளவான மகாஓயா நீரேற்றுத் திட்டமே அது. 2016 மே மாதத்துப் பெருமழையில் மலை சரிந்து ஊர்கள் புதையுண்ட பகுதியும் அதுவே. அம்மக்கள் மலையையும் நீரையும் பற்றிக் கேள்விகள் பல கேட்பர், கேட்டல் வேண்டும். திட்டம் வேண்டாம் என்பது எம் கருத்தன்று. பகற்சூரியனை மாலைக்குக் கொண்டுசெல்ல அதனினும் நல்ல வழி எம் மலைநாட்டில் அரிது. ஆனால் அக்குதிரில் நிறையும் மின் அரநாயக்கவின் விளக்குக்கும் தொழிற்சாலைக்கும் ஆகுமா, அன்றி முழுவதும் ஓரிரு மாளிகைகளுக்கே ஆகுமா என்பதை மண்வெட்டி விழுமுன் எழுதி வைத்தல் வேண்டும்.

2022-ஆம் ஆண்டை யாம் மறவோம். எரிபொருள் வாங்கச் செலாவணி இல்லை, நீர்த்தேக்கங்களும் தாழ்ந்திருந்தன. மார்ச்சு 31-ஆம் நாள் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. மே 23-இற் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை தொடங்கவிருந்தது. மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லையாதலின் குப்பிலாம்புக்கும் வழியில்லை. மாலை வகுப்பை நிறுத்திவிட்டு, விடியலில் வெளிச்சம் வந்தவுடன் மாணவரை வரச்சொல்லிப் பாடசாலை விறாந்தையில் இலக்கணம் நடத்தினோம். மழையற்ற நாட்களில் அது நன்றாகவே நடந்தது என்றுதான் சொல்லவேண்டும். தொழிற்சாலையிற் கொழுந்து வாடாமற் குவிந்து கறுத்த நாட்களும் உண்டு. அந்நாட்களின் பின் பெற்றோரின் கூலிக்கணக்கு என்னவாயிற்று என்பதை மாணவரின் மதியவுணவைக் கண்டே அறிந்தோம்.

ஆகவேதான் சென்ற தவணையிற் பதினோராம் வகுப்பாருக்கு, "மின் பற்றாக்குறை வரின் முதலில் யாருக்கு நிறுத்துவது?" என்னும் தலைப்பைக் கட்டுரைக்குக் கொடுத்தோம். வைத்தியசாலை, தேயிலைத் தொழிற்சாலை, லயம், நகரத்துக் கடைத்தெரு, தரவு நிலையம் ஆகிய ஐந்தையும் கரும்பலகையில் எழுதினோம். வைத்தியசாலையை எவரும் தொடவில்லை. கடைத்தெருவைப் பலர் நிறுத்தினர். அதற்கு எழுதிய காரணங்களிற் கடைக்காரர்மேல் உள்ள பழைய கோபமும் கலந்திருந்தது. ஒரு மாணவி மட்டும் நிதானமாக எழுதியிருந்தாள். வாட்டும் விசிறி நின்றால் அன்றைய கொழுந்து கெடும். கெட்ட கொழுந்துக்கு அம்மாவின் கூலி போகும். தரவு நிலையத்துக்கோ சொந்த மின்கலமும் மின்பிறப்பாக்கியும் உண்டு என்று சேர் சொன்னார்; மாற்று வழி உடையவரே முதலில் ஒதுங்கட்டும் என்பது அவள் வாதம். டெக்சாஸ் சட்டத்தை அவள் கேள்விப்பட்டவளல்லள்.

அதனை வகுப்பில் வாசித்தபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், டீசல் இல்லாத நாள்ல அந்த மெசின் எதுல ஓடும்?" என்று கேட்டான். 2022-இல் அவன் தந்தை முச்சக்கரவண்டியோடு எரிபொருள் வரிசையில் இரு இரவுகள் கிடந்தவர். வகுப்பிற் சிரிப்பு எழுந்து அடங்கியது. அவ்வினாவையும் கட்டுரையின் அடியில் எழுதச் சொன்னோம். மின்கட்டணம் பற்றிப் பொதுமக்கள் கருத்தைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கேட்பது வழக்கம். அடுத்த முறை கேட்கும்போது அனுப்புவதற்காக முப்பத்திரண்டு கட்டுரைகளையும் எழுத்துப்பிழை திருத்தி அலுமாரியில் வைத்துள்ளோம். அவற்றோடு சேர்த்து அனுப்பத்தக்க ஒரு பக்கக் கணக்கை எழுதித்தரப் பொறியியல் பயின்ற பழைய மாணவர் எவரேனும் முன்வரின், மலர்க்குழுவினர் எம் முகவரியை அறிவர்.